டெய்லருக்கு ஒரு புதர்

பறவை பார்க்கணும் என்றால் உடுமலைப்பேட்டைக்காரர்கள் திருமூர்த்தி மலைக்கோ அமராவதிக்கோ பஸ் ஏறுவார்கள். ஊருக்குள் பூங்காவில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "காக்கா, மைனா, புறா... வேறென்னங்க இருக்கும்?" என்பார்கள்.

ஏன் வேறு இல்லை? ராபர்ட் மக்ஆர்தரும் அவர் சகோதரர் ஜானும் 1961-லேயே விடை சொல்லிவிட்டார்கள். எத்தனை வகை மரம் என்பதைவிட, இலைகள் எத்தனை உயரங்களில் இருக்கின்றன என்பதுதான் முக்கியமாம். தரை, புதர், மர உச்சி. மூன்று மாடிக்கும் தனித்தனிக் குடித்தனக்காரர்கள்.

நான் தினம் நடக்கப் போகிற பூங்காவில் மேலே மரம், கீழே கிராப் வெட்டிய புல், நடுவில் சிமெண்ட் ஒட்டகச்சிவிங்கி. நடு மாடி காலி! செம்பருத்திப் புதர் ஒன்று இருந்தது. 'சுத்தம்' என்ற பெயரில் அதையும் வெட்டிவிட்டார்கள்.

அந்த மாடியில் குடியிருப்பவர்தான் தையல்சிட்டு. அலகால் இலை ஓரத்தில் ஓட்டை போட்டு, பஞ்சு இழையும் சிலந்தி நூலும் கோத்துத் தைத்துக் கூடு கட்டுவார். ஓவர்லாக் மெஷின் கிடையாது, பீஸ் ரேட் கிடையாது. பனியன் சீமையிலேயே ஒரு டெய்லருக்கு இடமில்லை என்றால் நன்றாகவா இருக்கிறது?

"புதர் வெச்சா பாம்பு வருமுங்க" என்கிறார் கூட நடக்கும் நண்பர். நியாயம்தான். நடைபாதை ஓரத்தை வெட்டிக்கொள்ளட்டும். வேலியோரம் ஒரு மூலையை விட்டால் போதும். கூடவே, ஆள் நடக்காத பக்கமாக ஒரு பட்ட கிளையையும். குக்குறுவான் அதில்தான் பொந்து குடையும்.

பனியன் கம்பெனிகளுக்கு நடுவே பறவை வருமா என்று சந்தேகமா? திருப்பூர் நஞ்சராயன் குளத்தில் 191 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம், 2024-ல் ராம்சார் பட்டியலிலும் இடம். அது ஏறக்குறைய 126 ஹெக்டேர். நான் கேட்பது ஒரு மூலை.

பிப்ரவரியில் நாலு நாள் உலகமெங்கும் பறவைகளை எண்ணுகிறார்கள். 1998-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது, இந்தியாவுக்கு 2013-ல் வந்தது. பதினைந்து நிமிஷம் நின்று எண்ணினால் போதும். நம் ஆபீஸ் டீ பிரேக் அதைவிட நீளம். நீங்களும் எண்ணுங்கள். மூன்று வகையோடு லிஸ்ட் முடிந்துவிட்டால், அதைக் காட்டியே அந்த மூலையைக் கேளுங்கள்.

செலவு? சுத்தமாக இல்லை. வெட்டாமல் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு டெண்டர் விட முடியாது என்பது ஒன்றுதான் சிக்கல்!