பிரிப்பதற்கு முன்

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செம்பூரில் என் வீட்டுக் கதவைத் தட்டியவர் கையில் பத்துப் பன்னிரண்டு ஜெராக்ஸ் தாள்கள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் சேலத்துக்காரர். பழைய மண் தோண்டும் இயந்திரம் ஒன்றை வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறவர். "சார், நீங்க மொழிபெயர்க்கிறவர்தானே? இதைக் கொஞ்சம் தமிழ்ல எழுதித் தரணும்" என்றார்.

அந்த இயந்திரத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்பதே ஒரு வேடிக்கை. எந்தக் கம்பெனி வண்டியானாலும் நம் ஊரில் அது ஜேசிபி அல்லது பொக்லைன். முன்னது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் 1945ல் தொடங்கிய கம்பெனியின் பெயர்ச் சுருக்கம். பின்னது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். "மண்வாரி இயந்திரம்" என்று எழுதிய மொழிபெயர்ப்பாளர்கள் தோற்றுப் போனார்கள். நானும் அதில் ஒருவன்.

அவர் கொண்டுவந்தது வண்டியின் ஆங்கிலக் கையேட்டில் ஒரு பகுதி. "எஞ்சின் ஸ்டார்ட் ஆகாவிட்டால்" என்ற தலைப்பில் கட்டம் கட்டிய அட்டவணை. டாங்கியில் டீசல் இல்லை என்பதில் தொடங்கி பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்பது வரை பதினாறு காரணங்கள். எல்லாம் ஒரே அளவு எழுத்தில், ஒரே மரியாதையில். அரை மணி நேரத்தில் தமிழாக்கிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "இதுல எது சார் என் வண்டிக்கு?"

எம்.ஏ. தமிழில் அதற்குப் பதில் இல்லை.

அவர் கவலைக்குக் காரணம் இருந்தது. மும்பையில் மழை ஜூன் இரண்டாம் வாரம் வந்துவிடும். அதற்குள் நாலாக்களைத் தூர் வார வேண்டும். 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டி, மித்தி நதி கரை மீறியதிலிருந்து இந்த ஊரில் தூர் வாருவது விளையாட்டுக் காரியமல்ல. இவரைப் போன்றவர்களுக்கு வருஷத்தின் நல்ல சம்பாத்தியமும் இந்த மாதங்களில்தான். வண்டியோ நாலு நாளாகப் படுத்துவிட்டது. காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடித்தால் எப்படியோ கிளம்பும். பக்கெட்டை மண்ணில் இறக்கி இழுத்தால் மூச்சு முட்டி நின்றுவிடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, கம்ப்ரஷன் போய்விட்டது, எஞ்சினை இறக்கி போர் வேலை பார்க்க வேண்டும், ஒன்றேகால் லட்சம் ஆகும் என்றார்களாம். மனைவியின் நகைகளை எடுத்து வைத்திருந்தார். திங்கட்கிழமை அடகுக் கடை.

எனக்குத் தெரிந்தது ஒரே வழி. தாராவியில், தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில், ஒரு டீசல் மெக்கானிக் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். எல்லாருக்கும் அண்ணாச்சி. மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு வாழை இலை கொண்டுவரும் டெம்போக்காரர்கள் மூலம் எனக்குப் பழக்கம். அன்று மத்தியானமே அழைத்து வந்தோம்.

அண்ணாச்சி ஸ்பானரைத் தொடவில்லை. முதலில் பக்கெட்டைத் தரையில் இறக்கி வைத்திருக்கிறதா, சக்கரத்துக்குக் கல் கொடுத்திருக்கிறதா என்று பார்த்தார். ஆயில் குச்சியை உருவி, ஒரு சொட்டை விரலில் தேய்த்து முகர்ந்தார். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். நீர்த்துப்போய் டீசல் வாடை அடித்தால் வேறு கோளாறு. இரண்டும் இல்லை. பிறகு செல்ஃப் அடிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாலு சிலிண்டரும் ஒரே தாளத்தில் சுற்றின. ஒன்றில் அமுக்கம் குறைந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் தாளம் ஓடிப்போகும் என்றார். கடைசியாகச் சைலன்சரைப் பார்த்தார்.

"புகையே வரலியே தம்பி. வெள்ளைப் புகை வந்தா டீசல் போகுது, எரியலைன்னு வச்சுக்கலாம். ஒண்ணுமே வரலைன்னா டீசலே போகலை. சாப்பாடு உள்ள போகாதவனுக்கு இருதயத்தை அறுக்கணும்ங்கான் ஒருத்தன்!"

டீசல் எஞ்சினில் தீப்பொறி வைக்க பிளக் கிடையாது. 1897ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியதிலிருந்து அடிப்படை மாறவில்லை. காற்றை அமுக்கினால் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே கேள்விகள் இரண்டுதான்: காற்று போதிய அளவு அமுங்குகிறதா? டீசல் போய்ச் சேர்கிறதா?

அண்ணாச்சி ஃபில்டரின் மேல் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அழுத்தினார். டீசல் நுரை நுரையாக வந்தது. இன்னும் அழுத்தினார். நுரை நிற்கவில்லை. காற்று புகுந்திருக்கிறது. காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. குழாயில் காற்று இருந்தால் பம்ப் அதை அமுக்கிக்கொண்டே இருக்குமே தவிர, நாசில் திறக்காது.

எங்கே புகுகிறது? டாங்கிக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே விரிசல் விட்டால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே ஈரமே இருக்காது. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. ராத்திரியில் டீசல் டாங்கிக்கே இறங்கிவிடும், காலையில் கிளம்ப அடம் பிடிக்கும். பாரம் ஏறினால் அதிக டீசலை உறிஞ்ச வேண்டும், அதிகக் காற்று போகும், நிற்கும். நாலு நாள் மர்மத்துக்கும் விடை ஒன்றே.

அப்படியும் அவர் நம்பிவிடவில்லை. ஒரு கேனில் டீசல் ஊற்றி உயரத்தில் கட்டி, டாங்கிக் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்குக் குழாய் கொடுத்தார். காற்றை வெளியேற்ற நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டைச் சற்றே தளர்த்தியபோது எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும். பார்த்தால் ஊசி குத்தியது போலத்தான் இருக்கும், விரலையே எடுக்கும்படி ஆகலாம். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம் பக்கெட்டால் மண்ணை அள்ளியும் நிற்கவில்லை.

வியாதி இருந்தது டிரைவர் இருக்கைக்குக் கீழே, கிளாம்ப் மறைத்திருந்த ரப்பர் குழாயில். வெயிலில் காய்ந்து தலைமுடி அளவு விரிசல். புதுக் குழாய், இரண்டு கிளாம்ப், செம்பு வாஷர்கள், ஒரு ஃபில்டர். சாமான் எல்லாம் ஆயிரம் ரூபாய்க்குள்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்தியனுக்கு வகுத்த வரிசையும் இதுதான். என்ன வியாதி, எதனால் வந்தது, அப்புறம்தான் சிகிச்சை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது ஏறாதது, கிரீஸ் கறைக்கு நடுவே ஏறியது.

கூலி ரெண்டாயிரம் கேட்டார் அண்ணாச்சி. ஒன்றேகால் லட்சத்துக்கு நகையை எடுத்து வைத்த நம்மவர் "ஒரு ரப்பர் குழாய்க்கா அண்ணாச்சி?" என்றார். எனக்கும் அதே நினைப்புதான் ஓடியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"எஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருந்தா கேட்டதைக் குடுத்திருப்பே. பிரிக்காம விட்டதுக்குத்தான் இது" என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே.

இதில்தான் சிக்கல். தப்பாகச் சொல்கிறவனுக்கு லட்சம், சரியாகச் சொல்கிறவனிடம் பேரம். சாமானுக்குக் காசு கொடுக்க நமக்குத் தெரிகிறது. பார்த்துச் சொல்லும் கண்ணுக்குக் கொடுக்கத் தெரியவில்லை. அண்ணாச்சியிடம் தொழில் கற்க இப்போது பையன்கள் வருவதில்லை. புது வண்டிகளுக்கு அவரது வித்தை முழுக்கச் செல்லாது என்பதும் உண்மை. 2021 ஏப்ரலில் சக்கர வண்டிகளுக்குப் புதிய மாசு விதிகள் வந்தபின் எஞ்சின்களில் எலெக்ட்ரானிக்ஸ் ஏறிவிட்டது, லாப்டாப் இல்லாமல் நாடி பிடிக்க முடியாது. ஆனால் லாப்டாப்பும் கோளாறின் நம்பரைத்தான் சொல்லும். விரிசல் எந்தக் குழாயில் என்று குனிந்துதான் பார்க்க வேண்டும்.

நம்மவர் கடைசியில் கேட்டதைக் கொடுத்துவிட்டார். நகை பீரோவுக்குத் திரும்பியது. நான் என் மொழிபெயர்ப்பைத் திரும்ப வாங்கி, அன்றிரவே வரிசை மாற்றி எழுதினேன். காசு செலவில்லாமல் கண்ணால் பார்க்கக்கூடியவை முதலில், ஸ்பானர் தேவைப்படுபவை அடுத்து, எஞ்சினைப் பிரிக்க வேண்டியவை கடைசியில். பிஸ்டன் ரிங் பதினாறாவது. அந்தத் தாள் இப்போது வண்டிக்குள், டிரைவர் தலைக்கு மேல் ஒட்டியிருக்கிறது.