காட்டுநெல்லுக்கும் கரையில் இடம் வேண்டும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வயல்வட்டைகளில் வாழ்வோர், குளத்தோரத்துப் பள்ளங்களில் தானே முளைத்துத் தானே உதிரும் காட்டுநெல்லைக் களையென்றே கருதிவந்திருக்கிறார்கள். அதில் நியாயமும் உண்டு. நீண்ட வாலுடைய அதன் மணி முற்றிய மாத்திரத்தில் கதிரைவிட்டுச் சேற்றில் விழுந்துவிடுவதால் அரிவாளுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. வயலுக்குள் புகுந்தாலோ நல்ல நெல்லோடு கலந்து சந்ததியையே கெடுத்துவிடும். ஆகவே, வரம்புக்கு உள்ளே அதனைப் பிடுங்கும் முல்லைக்காரரை நான் குறைகூறவில்லை. வரம்புக்கு வெளியிலும், குளத்தோரம் முழுவதும், களைகொல்லி எண்ணெய் அடித்தும் தீவைத்தும் அதனை நிர்மூலமாக்கும் வழக்கத்தையே ஆட்சேபிக்கிறேன்.

ஓரைசா என்னும் நெற்பேரினத்தில் இருபதுக்கு மேற்பட்ட இனங்கள் இருக்க, மனிதன் பயிரிடுவன இரண்டே. இலங்கையிலுள்ள காட்டினங்கள் ஐந்து. அவற்றுள் நான்கு பல்லாண்டு வாழ்பவை. அந்த நான்கில் ஒன்றாகிய ஓரைசா ரைசோமாட்டிஸ், இந்நாட்டைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாதது. தனியினமென்று 1990இல்தான் பெயர் பெற்றது. உலர்வலயத்துக் கோடையில் தாள் முழுதும் கருகிப்போனாலும், மண்ணுக்குள் படுத்திருக்கும் அதன் தண்டு உயிரைப் பிடித்துவைத்திருந்து, மாரியின் முதல் மழைக்கே துளிர்த்துவிடுகிறது. மழை பிந்தும் வருஷங்களில் விதைத்த நெல் கண்முன்னே வாடக் காணும் நம் விவசாயிக்கு இதைவிட அருமையான குணம் வேறென்ன?

ஐந்தாவது இனமாகிய நீவாரம் ஓராண்டே வாழ்வது. அது செய்த உபகாரத்தை நமது போடிமாரும் அறிந்திருத்தல் வேண்டும். அறக்கொட்டியான் பூச்சி பரப்பும் வைரசு நோயொன்று நெற்பயிரைப் புல்லெனக் குறுக்கி ஆசிய நாடுகளை அலைக்கழித்த காலத்தில், பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 6000க்கு மேற்பட்ட நெல்மாதிரிகளைச் சோதித்தும், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு நீவார மாதிரியிலேயே அதை எதிர்க்கும் சக்தியைக் கண்டார்கள். 1976இல் வெளியான ஐ.ஆர். 36 அந்தச் சக்தியைத் தாங்கிவந்த நெல்லே.

கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்தின் குளிரறையில் விதைகளைச் சேமிப்பது போற்றத்தக்கதே. எனினும், அங்கே உறங்கும் விதை புதிய வரட்சியையும் புதிய பூச்சியையும் எதிர்கொண்டு பழகுவதற்கில்லை. கரையில் நிற்கும் செடி ஆண்டுதோறும் பழகுகிறது. ஆதலால், போகத் தொடக்கத்தில் கூடும் கமக்காரர் கூட்டங்களில், வட்டவிதானைமாரின் பொறுப்பில், வயல்களுக்கு எட்டத்தே ஒவ்வொரு குளத்திலும் ஒரு துண்டுக் கரையேனும் தீயும் எண்ணெயும் தொடாது விடப்படவேண்டுமென்று தீர்மானித்தல் அவசியம். குளம் புனரமைக்க இயந்திரத்தைக் கொண்டுவருமுன் அத்துண்டுக்கு எல்லைக்கல் நடுவதற்கு உரிய இலாகாவினருக்குப் பெருஞ்செலவு எதுவும் ஆகாது.