பட்டணத்து வாடகையும் "தலையெழுத்தும்"

சென்னையில் குடியிருப்பதற்கு ஆகும் செலவைப்பற்றி நம் திருச்சி ஜில்லாத் தோழர்கள் பேசிக்கொள்ளும்போதெல்லாம் முடிவில் ஒரு வார்த்தை வந்து விழுகின்றது. "என்ன செய்வது, பட்டணம் என்றால் அப்படித்தான், எல்லாம் தலையெழுத்து" என்பதே அது. இந்த ஒரு வார்த்தையினால் வீட்டுக்காரர் பிழைத்தார், தரகர் பிழைத்தார், சர்க்காரும் பிழைத்தது. வாடகை கொடுக்கிறவன் மாத்திரம் பிழைக்கவில்லை. ஆகவே இந்தத் தலையெழுத்து எவர் கையால் எழுதப்பட்டது என்பதைச் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

லால்குடி, முசிரி, துறையூரிலிருந்தும், உறையூர், பாலக்கரையிலிருந்தும் நம் பிள்ளைகள் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு 320 கிலோமீட்டருக்கு அப்பால் பட்டணத்துக்குப் போகிறார்கள். ஒரு தோழருக்கு மாதம் 25,000 ரூபாய் சம்பளம் என்றும், வீட்டு வாடகை 10,000 என்றும் வைத்துக்கொள்ளுவோம். வீட்டுக்காரர் பத்து மாத வாடகை முன்பணம் கேட்கிறார். அது ஒரு லட்சம். தோழரிடம் லட்சம் ஏது? ஊரில் தாயார் கழுத்திலிருப்பது பாங்கிக்கு அடகு போகின்றது. நூற்றுக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு வட்டி என்றால் மாதம் 1,000 ரூபாய். அப்படியானால் வாடகை 10,000 அல்ல, 11,000 ஆகும். அந்த லட்சத்தை வாங்கின வீட்டுக்காரரோ அதைத் தம் பாங்கியில் போட்டு வட்டி வாங்குகிறார். ஒரே பணத்துக்கு இல்லாதவன் வட்டி கட்டுகிறான், இருக்கிறவர் வட்டி வாங்குகிறார்! இதோடு தரகருக்கு ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது பெயிண்டு அடிக்க வேண்டுமென்று ஒரு மாத வாடகை பிடித்தம். இதையெல்லாம் பிரமன் எழுதினான் என்றால், பிரமனுக்குச் சென்னையில் எத்தனை வீடு இருக்கிறது என்று கேட்கின்றோம்.

நிற்க, சட்டம் என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம். 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றே இருந்தது. அந்தச் சட்டம் உயிரோடிருந்த காலத்திலேயேதான் பத்து மாத முன்பணம் பட்டணத்தில் வழக்கமாயிற்று. பின்பு 2017இல் புதுச் சட்டம் செய்து, 2019 பிப்ரவரியில் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்ட விரோதம் என்று கண்டிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தின் தலைப்பிலேயே, ஒப்பந்தத்தில் வேறு விதமாக இருந்தாலொழிய என்றொரு வாசகத்தையும் சேர்த்து வைத்தார்கள். ஒப்பந்தத்தை எழுதுகிறவர் யார்? வீட்டுக்காரர். கையெழுத்துப் போடாவிட்டால் பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்க வேண்டியவர் யார்? வாடகைக்காரர். கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியையும் திருடன் கையில் கொடுத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தண்ணீர் விஷயம் இதைவிட வேடிக்கையானது. முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரிந்து ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிக்கொண்டு போகிறதே கொள்ளிடம், அதன் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாய் வீராணம் ஏரிக்குப் போய், 2004 முதல் குழாய் மூலம் சென்னைக்குப் போகின்றது. குடிக்கிற தண்ணீரைக் கொடுக்கக்கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை; தாராளமாய்ப் போகட்டும். ஆனால் கொள்ளிடக்கரையில் பிறந்த பிள்ளை, அதே பட்டணத்தில் தண்ணீரைக் கேன் கணக்கில் விலைக்கு வாங்கிக் குடிக்கிறான். 2019ஆம் வருஷக் கோடையில் பட்டணத்து ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு ஜனங்கள் அடித்துக்கொண்டார்களே, அப்போது நடந்ததென்ன? மழை வேண்டிக் கோவில்களில் யாகம் செய்யும்படியும், நந்திக்குக் கழுத்தளவு தண்ணீர் கட்டும்படியும் அறநிலையத்துறையிலிருந்து சுற்றறிக்கை போயிற்று. மனிதன் தொண்டைக்குத் தண்ணீரில்லாத காலத்தில் கல் நந்திக்குக் கழுத்தளவு! கடைசியில் தண்ணீர் வந்தது யாகத்தாலல்ல. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் ஏற்றிக்கொண்டு ரயில்தான் வந்தது. அந்த ரயிலை ஓட்டினவருக்கு எந்தக் கோவிலிலும் பரிவட்டம் கட்டினதாகத் தெரியவில்லை.

இனி எல்லோரும் தெரிந்துகொண்டே வாய் திறவாதிருக்கும் ஒரு விஷயத்துக்கு வருகின்றோம். ஸ்ரீரங்கத்தில் கோவிலைச் சுற்றிய வீதிகளில் எவன் குடியிருக்கலாம், எவன் குடியிருக்கக்கூடாது என்பது பல தலைமுறைகளாக எழுதாத சட்டமாய் இருந்து வந்ததை நாம் அறிவோம். இன்றைக்கு அதை அப்படியே சொல்ல வெட்கமாயிருப்பதால், "சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்" என்று பலகை தொங்குகின்றது. அம்மாமண்டபம் ரோட்டு அடுக்கு வீடுகளிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் கேட்கலாம். ஒருவர் கத்தரிக்காய் சாப்பிடுவதைப்பற்றியோ கருவாடு சாப்பிடுவதைப்பற்றியோ நமக்கு வழக்கில்லை. ஆனால் "நான் சைவந்தான்" என்று சொல்லும் ஆதிதிராவிடத் தோழரிடமும், "எங்கள் வீட்டில் மாமிசம் சமைப்பதில்லை" என்று சொல்லும் முஸ்லிம் தோழரிடமும் அடுத்த கேள்வி என்ன வருகின்றது? "சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? தகப்பனார் பெயர் என்ன?" என்பதுதானே! கத்தரிக்காய்க்குத் தகப்பன் பெயர் எதற்கு?

இது மானத்தைப் பொறுத்த விஷயம் மாத்திரமல்ல, பணத்தையும் பொறுத்தது. ஒரு பேட்டையில் நூறு வீடு காலியாயிருந்து, அதில் அறுபது வீட்டுக் கதவு ஒருவனுக்குச் சாத்தப்பட்டால், மீதி நாற்பது வீட்டுக்காரருக்கும் அவன் வேறு போக்கில்லாதவன் என்பது தெரிந்துபோகின்றது. உடனே வாடகை ஏறுகின்றது. இது நம் கற்பனையல்ல. டில்லியையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றி சுகதேவ் தோரட் முதலானவர்கள் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டதில், தாழ்த்தப்பட்டவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வீடு மறுக்கப்படுவதையும், கிடைத்த இடத்திலும் சிலர் கூடுதல் வாடகைக்கு உடன்பட வேண்டியிருந்ததையும் காட்டியிருக்கிறார்கள். ஆகவே பட்டணத்தில் வாடகை ஒன்று, அதன்மேல் ஜாதி வரி ஒன்று. இந்த வரிக்கு ரசீதும் கிடையாது, அப்பீலும் கிடையாது. குஜராத்தில் ஒரு வீட்டுவசதிச் சங்கம் தங்கள் மதத்தார் தவிர வேறொருவரும் அங்கத்தினராகக் கூடாதென்று விதி வைத்துக்கொண்டது செல்லும் என்று 2005இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்துவிட்டபடியால், பலகை மாட்டுகிறவர்களுக்குத் தைரியம் குறையக் காரணமில்லை.

பார்ப்பனர் தெருவோடு இது நின்றதா என்றால் அதுவுமில்லை. பார்ப்பனரல்லாத நம் பெரிய மனிதர்களும் வீடு கட்டினவுடன் முதல் வேலையாக அந்தப் பலகையைத்தான் வாங்கி மாட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தம் வீட்டில் ஆட்டுக்கறி வேகும்போதே மாடிவீட்டுக்குச் சைவக் குடித்தனம் தேடுகிறவர்களும் இவர்களில் உண்டு. "அப்படிப்பட்டவர்கள் வந்தால் வீட்டுக்கு மதிப்பு" என்கிறார்கள். தன்னைத் திண்ணையில் ஏற்றாதவனைப் பார்த்துக் காப்பியடிப்பதற்கா இவர்கள் சம்பாதித்தார்கள்?

வாடகைக்காரர்களும் லேசுப்பட்டவர்களல்ல. ஆடியில் குடி போகக்கூடாது, மார்கழியில் பால் காய்ச்சக்கூடாது என்கிறார்கள். வீட்டுக்காரர் ஆனியில் காலி செய்யச் சொன்னால், நல்ல மாதம் தவறுமுன் கிடைத்த வீட்டைக் கேட்ட வாடகைக்குப் பிடிக்கிறார்கள். ஆடியில் காலியாகும் வீடு மலிவாய்க் கிடைத்தாலும் போகாமல், ஆவணி வரையில் இரண்டு வீட்டுக்கு வாடகை கொடுக்கிறவர்களும் உண்டு. தெற்குப் பார்த்த வாசல் ஆகாதென்று கிழக்குப் பார்த்த வாசலுக்குக் கூடக் கொடுப்பது வேறு. வீட்டுக்காரர் பிடுங்குவது போதாதென்று பஞ்சாங்கத்துக்கும் தனியாக ஒரு வாடகை!

வீட்டு விஷயத்தில் வேறு வழியே கிடையாதோ என்று கேட்கிறவர்கள் தூரம் போகவேண்டாம். பொன்மலைக்குப் போய்ப் பார்க்கட்டும். 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பட்டறை அங்கே வந்தபோது பட்டறையோடு தொழிலாளிகளுக்கு வீடும் கட்டப்பட்டது. 1960களில் திருவெறும்பூரில் மிகுமின் தொழிற்சாலை வந்தபோது கைலாசபுரத்தில் ஓர் ஊரையே கட்டினார்கள். அங்கெல்லாம் வீடு கொடுப்பது உத்தியோகத் தரத்தையும் சர்வீஸையும் பார்த்து; கோத்திரத்தைப் பார்த்தல்ல. (பெரிய உத்தியோகஸ்தருக்குப் பெரிய பங்களா என்பது நமக்குச் சம்மதமல்ல, அது வேறு விஷயம்.) ஒரே வரிசையில் எல்லா ஜாதியாரும் குடியிருந்தார்கள், எந்தச் சுவரும் இடிந்து விழவில்லை. அந்தக் குடித்தனங்களில் மிச்சம் பிடித்த பணத்தில்தான் எத்தனையோ பிள்ளைகள் காலேஜுக்குப் போனார்கள். இப்போது பட்டணத்துக்கு ஆள் கூப்பிடுகிற கம்பெனிகள் கண்ணாடி மாளிகை கட்டுகின்றன, கூப்பிட்ட ஆளுக்கு ஒரு கூரை கட்டுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் சோறு 1956இலிருந்து வந்தது; ரேஷனில் விலையில்லா அரிசி 2011இல் வந்தது; பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை என்பது 2021இல் வந்தது. இவை ஒவ்வொன்றும் வருமுன் "நடக்கிற காரியமா" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். சோற்றுக்கும் பஸ்ஸுக்கும் எழுத முடிந்த கை, முன்பணச் சட்டத்திலுள்ள அந்த ஒரு வாசகத்தை அடிக்க முடியாதா? ஜாதி கேட்டு வீடு மறுப்பது குற்றம் என்று இரண்டு வரி சேர்க்க முடியாதா? நம் சட்டசபை அங்கத்தினர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது தெருத்தெருவாய் இதைக் கேட்கவேண்டுமாய்த் தோழர்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம். கேட்கப் போகுமுன், நம் கூட்டங்களில் முன்வரிசையில் உட்காருகிற வீட்டுக்காரத் தோழர்கள் தங்கள் வாசலில் என்ன பலகை தொங்குகிறதென்று ஒரு தடவை பார்த்துவிட்டு வரட்டும்.