முதல் நாளே சொல்லிவிட வேண்டும்

டெக்சஸில் பொது மான் வேட்டைப் பருவம் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். அமெரிக்காவில் நவம்பர் என்றால் குளிர் நடுக்கும் என்று நினைக்க வேண்டாம். இங்கே அந்த மாதத்திலும் பகல் வெயில் 27, 28 டிகிரியைத் தொடும். காலையில் சுட்ட மானை வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் காட்டி, படம் எடுத்து, சாயங்காலம் தோலுரித்து, பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கட்டி, இரண்டு நாள் கழித்து, மான் தலையைச் சுவரில் மாட்டும்படி பாடம் செய்பவரின் கடைக்குக் கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர். அதற்குள் அந்தத் தோல் கெட்டுப்போயிருக்கும்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு, விலங்குகளைப் பாடம் செய்யும் இந்தத் தொழில் சுருங்கிவிட்டது. உலகமெங்கும் பெயர் பெற்றிருந்த மைசூர் வான் இங்கன் நிறுவனமும் 1999-இல் கதவை மூடியது. வேட்டையைப் பற்றி எனக்கும் மாற்றுக் கருத்து உண்டு. ஆனால் ஓர் உயிர் போன பிறகு அதன் தோலை அழுகவிடுவதை யாராலும் நியாயப்படுத்த முடியாது.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா டெக்சஸில் பாடம் செய்யும் கடை நடத்துகிறார். பையை அவிழ்த்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு காது மடல், கண்ணிமை, உதட்டோரம், அக்குள் என்று ஒவ்வோர் இடமாக, ரோமத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுப்பார். ரோமம் கையோடு வந்தால் விஷயம் முடிந்தது. மான் செத்த நிமிடத்திலிருந்தே பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. ரோமத்தைப் பிடித்துவைத்திருக்கும் மேல்தோல், அடித்தோலிலிருந்து பிரிகிறது. சூடும் ஈரமும் காற்றில்லாத பையும் சேர்ந்தால் அதற்குச் சில மணி நேரமே போதும். உப்பு தடவினால் மேற்கொண்டு கெடாமல் நிற்கலாம், கெட்ட இடம் கெட்டதுதான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடுபவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். அங்கே ரோமத்தைக் கழற்றத்தான் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போடுகிறார்கள். இங்கே ரோமம் போனால் எல்லாமே போனது.

கத்திக் கீறலும் குண்டு துளைத்த ஓட்டையும் பெரிய குறைகள் அல்ல. கழுத்தில் ஒரு சாண் கிழிசல் இருந்தாலும் உட்புறமாகத் தைத்துவிடலாம், குளிர்கால ரோமம் தையலை மூடிவிடும். முகத்தில்தான் சிரமம், அங்கே ரோமம் குட்டை. காது விளிம்பில் கொஞ்சம் உதிர்ந்திருந்தால் பசைமாவு வைத்துச் சாயம் பூசுவார்கள். ஆனால் தோளில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை விழுந்துவிட்டால் எந்தக் கைவித்தையும் உதவாது.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. எல்லாக் கேடும் முதல் நாள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பார்வைக்கு நன்றாக இருக்கும் தோல் அமிலத் தொட்டியில் ஊறும்போதுதான் கொத்துக் கொத்தாக ரோமத்தை விடும். வாடிக்கையாளர் என்ன சொல்வார்? “நான் நல்லாத்தானே கொடுத்தேன்!” அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதனால்தான் அந்த அம்மா தோலை வாங்கும்போதே படம் எடுத்து, எந்த இடத்தில் என்ன குறை, எந்த இடத்தில் சந்தேகம் என்று சீட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். முன்பணம் வாங்குவது அதற்குப் பிறகுதான்.

“முயன்று பார்க்கிறேன்” என்று சொல்லித் தோலை வாங்கிவைத்துக்கொண்டு, பத்து மாதம் கழித்துக் கையை விரிக்கும் கடைகள் இருக்கின்றன. அதைவிட மோசமானது ஒன்று உண்டு. கெட்ட தோலைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேறொரு மானின் தோலைப் போர்த்தி, வாடிக்கையாளர் கொண்டுவந்த கொம்பைப் பொருத்திக் கொடுத்துவிடுவது. மாற்றுத் தோல் போடுவது தவறில்லை. கொண்டுவந்தவரிடம் சொல்லி, அவர் சம்மதித்து, அதற்கான விலையையும் கொடுத்தால் அது நேர்மையான வேலைதான். சொல்லாமல் செய்தால் அது திருட்டு. மகன் முதன்முதலில் சுட்ட மான் என்று ஒரு தகப்பன் சுவரில் மாட்டிவைத்துப் பார்க்கிறார். அது வேறு மான் என்று தெரியாமலே காலமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்.

தோல் தேறாது என்று சொல்வதோடு அந்த அம்மா நிறுத்திக்கொள்வதில்லை. மண்டையோட்டைச் சுத்தம் செய்து வெளுத்துக் கொம்போடு மாட்டலாம், அல்லது கொம்பை மட்டும் பலகையில் பொருத்தலாம் என்று வழி காட்டுகிறார். செலவும் குறைவு. என் கண்ணுக்கு வெள்ளை மண்டையோடுதான் அழகு.

வாடிக்கையாளருக்குப் பாடம் சொல்லித்தருவதும் இந்தத் தொழிலில் சேர்ந்ததே. லண்டன் பிக்கடில்லியில் பாடம் செய்யும் கடை வைத்திருந்த ரோலண்ட் வார்டு, தோலை எப்படி உரிப்பது, எப்படிக் காப்பது என்று 1880-களிலேயே வேட்டைக்காரர்களுக்குக் கையேடு எழுதி வெளியிட்டார். அடிப்படை இன்றும் மாறவில்லை: உடனே உரிக்க வேண்டும், சதையையும் கொழுப்பையும் வழித்தெடுக்க வேண்டும், தரையில் இழுக்கக் கூடாது, தொண்டையை அறுக்கக் கூடாது, குளிரில் வைக்க வேண்டும். அன்றே கடைக்குப் போக முடியாவிட்டால் உறையவைத்துவிட வேண்டும்.

இந்த ஊர்களில் வேட்டைக்குப் போகத் தொடங்கியிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துப்பாக்கியோடு ஐஸ் பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். கடையில் தோலைக் கொடுக்கும்போது அதன் நிலையைச் சீட்டில் எழுதச் சொல்லி, வாசித்துப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள். எழுத மறுக்கும் கடையில் கொடுக்காதீர்கள்.