பின்மூடியைத் திருப்பிப் பாருங்கள்

கிள்ளான் வாசகர் ஒருவர் வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் அனுப்பியிருந்தார். அப்பா விட்டுச் சென்ற சீக்கோ கைக்கடிகாரம். மஞ்சள் டயல், நீலமும் சிவப்புமாக வெளிவளையம், வலப்பக்கம் இரண்டு பொத்தான்கள். டயலில் ஆங்காங்கே புள்ளி விழுந்திருக்கிறது. பழுது பார்க்கும் கடையில், "டயலை மாத்தி, கேஸை பாலிஷ் போட்டா புதுசு மாதிரி ஆயிடும், அப்புறம் நல்ல விலைக்குக் கொடுக்கலாம்" என்றார்களாம். செய்யலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் ஐயா. கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அவர் கண்ணுக்குப் புதியது அழகு. ஆனால் உங்கள் கையில் இருப்பது பழைய குரோனோகிராஃப். அதில் பணம் இருப்பதே அந்தப் பழைய டயலில்தான்.

குரோனோகிராஃப் என்றால் மணி காட்டும் கடிகாரத்துக்குள்ளேயே ஒரு ஸ்டாப்வாட்ச். ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடும், மீண்டும் அழுத்தினால் நிற்கும், அடுத்த பொத்தான் முள்ளைப் பன்னிரண்டுக்குத் திருப்பி அனுப்பும். பல காலம் இவை சாவி கொடுத்து ஓட்டுபவையாகவே இருந்தன. கையசைவில் தானாக ஓடும் குரோனோகிராஃப் 1969-ல்தான் வந்தது. அந்த வருடம் ஜனவரியில் ஸெனித் அறிவித்தது. மார்ச்சில் ஹோயர், பிரைட்லிங், ஹாமில்டன் கூட்டணி அறிவித்தது. சீக்கோ அதிகம் பேசவில்லை. மே மாதம் ஜப்பானியக் கடைகளில் விற்பனைக்கே வைத்துவிட்டது. யார் முதல் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். கடையில் காசு கொடுத்து வாங்க முடிந்ததுதான் கணக்கு என்பது என் கட்சி.

அந்த சீக்கோ இயந்திரத்தின் எண் 6139. வாசகர் கையில் இருப்பதும் அதுதான். அந்த மஞ்சள் டயலுக்கு ஒரு விண்வெளிக் கதை உண்டு. அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக், 1973 நவம்பரில் ஸ்கைலேப் நிலையத்துக்குப் போனபோது நாசா அவருக்குக் கொடுத்தது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். அவரோ பயிற்சிக் காலத்திலேயே ராணுவக் கடையில் 71 டாலருக்கு வாங்கிப் பழகிய சீக்கோவை, அனுமதி கேட்காமல் உடுப்பின் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். 84 நாள் அது அவரோடு பூமியைச் சுற்றியது. 2008-ல் அதே கடிகாரம் ஏலத்தில் 5,975 டாலருக்குப் போனது. இன்று மஞ்சள் டயல் 6139-ஐச் சேகரிப்பாளர்கள் "போக்" என்றே அழைக்கிறார்கள்.

பெயர் வந்தால் கிராக்கி வரும். கிராக்கி வந்தால் கைவேலையும் வரும். பழைய கடிகாரச் சந்தையில் முழுப் போலியை விட ஆபத்தானது அரை உண்மை. மூன்று நான்கு உடைந்த கடிகாரங்களிலிருந்து நல்ல பாகங்களை எடுத்து ஒன்றாக்கி, முதலில் இருந்தே அப்படித்தான் என்று விற்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள் இதை "ஃபிராங்கன்" கடிகாரம் என்கிறார்கள். நம்மூர் பாஷையில் ரோஜாக்.

சிறு ஆட்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைக்க வேண்டாம். 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏலத்தில் 1957-ஆம் ஆண்டு மாடல் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று வந்தது. கறுப்பு டயல் வயதாகிப் பழுப்பேறியிருந்தது. சேகரிப்பாளர்கள் அதற்குத்தான் உயிரை விடுவார்கள். எதிர்பார்த்த விலை 80,000 முதல் 120,000 பிராங்க். விலை போனதோ 31 லட்சம் பிராங்குக்கு மேல். வாங்கியது யார் தெரியுமா? ஒமேகா நிறுவனமே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-ல் அந்த நிறுவனமே அது பல இடத்துப் பாகங்களைக் கோத்த ரோஜாக் என்று அறிவித்தது. தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் பங்கு உண்டு என்றும் குற்றஞ்சாட்டியது. தயாரித்த கம்பெனியே தன் பொருளை அவ்வளவு விலைக்கு வாங்கி ஏமாறும் என்றால், ஃபேஸ்புக்கில் படம் பார்த்து வாங்கும் நாம் எம்மாத்திரம்?

ஆனால் சீக்கோவில் ஒரு வசதி. கடிகாரத்தைத் திருப்பினாலே அது தன் பிறந்த தேதியைச் சொல்லிவிடும். பின்மூடியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று 6139-6002, 6139-6005 என்பது போல: முன்பாதி இயந்திரம், பின்பாதி கேஸ். இன்னொன்று வரிசை எண். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 33 என்று தொடங்கினால் 1973 மார்ச். அக்டோபருக்குப் பூஜ்யம், நவம்பர் டிசம்பருக்கு என், டி என்ற ஆங்கில எழுத்துகள். இந்த மாடல் எழுபதுகளோடு நின்றுவிட்டதால் பத்தாண்டுக் குழப்பமும் அதிகம் இல்லை. 9-ல் தொடங்கினால் மட்டும் 1969-ஆ 1979-ஆ என்று யோசிக்க வேண்டும்.

இப்போது திருப்பி டயலைப் பாருங்கள். ஆரம்ப காலத்து டயல்களில் "வாட்டர் 70 மீட்டர் புரூஃப்" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். பிறகு புரூஃப் போய் ரெசிஸ்ட் வந்தது. அதற்கும் பிறகு தண்ணீர் பற்றிய வாசகமே காணாமல் போனது. ஆக, பின்மூடி 1974 என்கிறது, டயல் புரூஃப் என்கிறது என்றால், இரண்டும் ஒரே தொழிற்சாலையில் பிறந்திருக்கலாம், ஒரே கடிகாரத்தில் பிறக்கவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அசல். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

அடுத்து ஒரு பூதக்கண்ணாடி எடுங்கள். டயலின் அடி ஓரத்தில், ஆறு மணிக்குப் பக்கத்தில், கண்ணுக்கு எட்டாத அளவில் ஜப்பான் என்ற சொல்லும் 6139 என்று தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். அதன் பின்பாதி பின்மூடி எண்ணோடு ஒத்துப்போக வேண்டியதில்லை, அது டயலின் சொந்த எண். ஆனால் எழுத்து கூர்மையாக இருக்க வேண்டும். புதிதாக அடிக்கும் மாற்று டயல்களில் இந்த வரி இல்லாமலே போகும், அல்லது மை தடித்துக் கலங்கித் தெரியும். மஞ்சளும் வேறு மாதிரி இருக்கும். அசலை வெளிச்சத்தில் சாய்த்தால் நடுவிலிருந்து கதிர் விரிவது போல மின்னும்.

முட்களில் பூசிய ஒளிப்பூச்சையும் டயலில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் சேர்ந்து வயதாகியிருக்க வேண்டும். டயலில் பழுப்பும் முள்ளில் பளிச்சென்ற பச்சையும் இருந்தால் ஒன்று பிற்பாடு வந்தது. கிழமைச் சக்கரத்தில் ஆங்கிலத்தோடு வேறொரு மொழி இருப்பது சகஜம், எந்தச் சந்தைக்குப் போனதோ அந்த மொழி. அதை வைத்து மட்டும் அசலா என்று முடிவு கட்ட வேண்டாம்.

கையில் எடுத்தும் பார்க்க வேண்டும். இந்த மாடலில் சாவிக் குமிழைப் பாதி அழுத்தினால் தேதி மாறும், முழுக்க அழுத்தினால் கிழமை மாறும். சும்மா திருகினால் டயலைச் சுற்றியுள்ள உள்வளையம் சுழல வேண்டும். பலவற்றில் அந்தப் பல்சக்கரம் தேய்ந்து சுழலாது. சாவி கொடுக்க வழியே கிடையாது. பொத்தானை அழுத்தினால் விநாடி முள் குதிக்காமல் நழுவிப் புறப்படும். திருப்பி அனுப்பினால் நேராகப் பன்னிரண்டில் நிற்க வேண்டும். கீழே உள்ள முப்பது நிமிட முள்ளும் அப்படியே. ஒரு கோடு தள்ளி நின்றால் பழுதுச் செலவு காத்திருக்கிறது.

மாற்றிய பாகம் இருந்தாலே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஐம்பது வருடம் ஓடிய இயந்திரம்; கண்ணாடி கீறியிருக்கும், ரப்பர் வளையம் இற்றிருக்கும், மாற்றித்தான் ஆக வேண்டும். அதைச் சொல்லி அதற்கேற்ற விலை கேட்பவர் நல்ல வியாபாரி. பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மால் வாரக்கடைசிச் சந்தை போன்ற இடங்களில் வாங்கும்போது, "பாஸ், பின்மூடியைத் திறந்து காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். தயங்காமல் கருவியை எடுப்பவரிடம் நின்று பேசலாம். "அதெல்லாம் ஒரிஜினல்தான்" என்று சொல்லிக்கொண்டே கடிகாரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் திரும்ப வைப்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள்.

பாலிஷ் விஷயம் தனி. இந்தக் கேஸின் ஓரங்கள் கத்தி போல விளிம்பு வெட்டியவை. மேற்பரப்பில் தொழிற்சாலையில் இழுத்த நுண்கோடுகள் இருக்கும். பாலிஷ் சக்கரத்தில் ஒரு முறை பிடித்தால் விளிம்பு மழுங்கிச் சோப்புக்கட்டி போலாகும். சுரண்டிய உலோகம் திரும்பி வராது. கீறல் இருந்துவிட்டுப் போகட்டும், அது அப்பாவின் கீறல்.

கிள்ளான் வாசகருக்கு: உங்கள் படங்களில் பின்மூடி எண் 41-ல் தொடங்குகிறது, 1974 ஜனவரி. டயலில் தண்ணீர் வாசகம் இல்லை, அடி எண் கூர்மையாக இருக்கிறது. படத்தில் பார்த்தவரை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது; இயந்திரத்தைத் திறந்து பார்த்தவர்தான் மீதியைச் சொல்ல முடியும். பழைய சீக்கோ பழகிய கைவினைஞரிடம் கொடுத்து, சுத்தம் செய்து எண்ணெய் விட மட்டும் சொல்லுங்கள். டயலையும் கேஸையும் தொட வேண்டாம் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கொடுக்கும் முன் டயலின் புள்ளிகள் தெரியும்படி நெருக்கமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்ப வாங்கும்போது அதே புள்ளிகள் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க. கழற்றிய பழைய பாகம் ஒரு திருகாணியாக இருந்தாலும் சிறு பையில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.