‘கல்லீரல் காக்கும் மூலிகை’ விளம்பரங்கள்: சித்த மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு

ஆயுஷ் மருந்து விளம்பரங்களுக்கு முன்அனுமதி கோரிய 170ஆம் விதி 2024 ஜூலையில் நீக்கப்பட்டதும், அந்த நீக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்ததும், 2025 ஆகஸ்டில் அத்தடை விலகியதும் உறுப்பினர்கள் அறிந்தவை. கிளைகள் கேட்டுக்கொண்டபடி, செயற்குழு பெரும்பான்மையாக ஏற்றவை வருமாறு:

1. கீழாநெல்லியையும் கரிசாலையையும் சங்கம் கைவிடவில்லை. கீழாநெல்லி பற்றி 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளியான சென்னை ஆய்வு நமக்குப் பெருமையே. ஆனால் ஹெபடைடிஸ் பி பற்றிய அம்முடிவு பிற நாட்டுச் சோதனைகளில் உறுதிப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2. நஞ்சு உட்கொண்டவருக்கு மூலிகைச் சாறு முதலுதவி அல்ல. இதில் சங்கத்துக்கு இரண்டு கருத்து இல்லை.

விளம்பரக்காரர்கள் காட்டும் ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளில் நடந்தவை. பல நாள் சாற்றைக் கொடுத்த பிறகு கார்பன் டெட்ராகுளோரைடோ பாராசிட்டமாலோ கொடுத்து, எஸ்ஜிபிடி எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். நம்மிடம் வருகிறவர் மூலிகையைக் குடித்துவிட்டு விஷம் குடித்தவரா?

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தின்றவருக்கு முதல் நாள் வாந்தி இருக்கும். அடுத்த ஓரிரு நாள் தெளிந்துவிட்டதுபோல் தோன்றும். அதன் பின்னரே கண் மஞ்சளிக்கும். ‘காமாலைதானே’ என்று கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கும் வீட்டாரை நாம் பழிக்க மாட்டோம். ‘கல்லீரலை நச்சிலிருந்து காக்கும்’ என்று டப்பாவில் அச்சடித்து அவர்களை நம்பவைத்தவர்களை எப்படிப் பழிக்காமல் இருப்பது? பாராசிட்டமால் நஞ்சுக்கு அசிட்டைல்சிஸ்டீன் முதல் 8 மணி நேரத்துக்குள் ஏறினால் கல்லீரல் பெரும்பாலும் தப்பும். அந்த 8 மணி நேரத்தை ஒரு டானிக் பாட்டில் தின்றுவிட்டால், கெட்ட பெயர் விற்றவனுக்கு வராது, சித்த மருத்துவத்துக்குத்தான் வரும். ஐரோப்பாவில் நச்சுக்காளான் தின்றவருக்குத் தரும் சிலிபினினும் தாவரச் சத்துதான். அதையும் மருத்துவமனையில் சிரை வழியாகவே ஏற்றுகிறார்கள்.

3. தென்னிந்தியக் கடைச் சரக்கை மரபணு முறையில் சோதித்தபோது, கீழாநெல்லி என விற்றதில் அதே பேரினத்தின் வேறு செடிகளும் இருந்தது 2010இலேயே வெளிவந்துவிட்டது. உற்பத்தியாளர்கள் சரக்கை இனம் உறுதிசெய்து வாங்குவது விரும்பத்தக்கது. (‘கட்டாயம்’ என்ற சொல்லுக்கு உடன்பாடு எட்டவில்லை.)

4. சீந்திலால் கல்லீரல் பாதிப்பு என்ற 2021 மும்பை அறிக்கையை மறுப்பதோடு நில்லாமல், அத்தகைய நோயாளிகளைக் கண்டால் உறுப்பினர்கள் மருந்துக் கண்காணிப்பு மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

5. விளம்பரங்களுக்கு முன்அனுமதி, உரிய வடிவில், மீண்டும் வர வேண்டும்.

6. இத்தகைய விளம்பரங்களுக்குப் பெயரோ படமோ தரும் உறுப்பினர்கள் 30 நாளில் விலகிக்கொள்ளக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். விலகாதவர் மீதான நடவடிக்கையைப் பொதுக்குழு முடிவு செய்யும். உடனே நீக்க வேண்டும் என்று செயற்குழுவில் பலர் வலியுறுத்தியதும் பதிவு செய்யப்படுகிறது.