செத்தவர் தொழிலாளி, சாகாதவன் குணசேகரன்

2023 செப்டம்பர் 8. நடிகர் மாரிமுத்து இறந்த நாள். அன்று மாலை சூளகிரிப் பக்கம் ஒரு கூலிக்காரர் குடியிருப்புக்குப் போயிருந்தோம். ரோஜாத் தோட்டத்துக்குப் போகிறவர்கள், ஓசூர் சிப்காட் ஆலைக்குப் போகிறவர்கள், எல்லாப் பெண்களின் முகமும் வாடிக் கிடந்தது. "எங்க ஊட்டு பெரிய மனுசன் போன மாதிரி இருக்குதுண்ணா" என்றார் ஒரு தாய். உடன் வந்த இளம் தோழர் சிரித்துவிட்டார். "பெண்களை அடக்கி ஆண்ட ஆதிமுத்து குணசேகரனுக்கா இந்த அழுகை?" என்றார்.

சிரித்தது தவறு என்கிறோம்.

சன் டி.வி.யில் 2022-ல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரில் குணசேகரன் யார்? படித்த மருமகள்களை அடுப்படியில் அடைத்து வைக்கும் வீட்டு எசமான். அவனை நம் பெண்கள் நேசித்தார்களா? இல்லை. அவனை அவர்களுக்குத் தெரியும். தகப்பனாகத் தெரியும், மாமனாராகத் தெரியும், புருஷனாகத் தெரியும். தாங்கள் வெளியே சொல்ல முடியாததை ஒருவர் ஊரறியக் காட்டினார். அதனால் அந்த மனிதர் மேல் பாசம் வைத்தார்கள்.

காட்டியவர் யார்? தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரியிலிருந்து 1990-ல் சென்னைக்கு வந்தவர். ஓட்டலில் பரிமாறியவர். பல இயக்குநர்களிடம் உதவியாளராக உழைத்து, 2008-ல்தான் 'கண்ணும் கண்ணும்' என்ற முதல் படத்தை இயக்கியவர். இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சுவலி வந்தது. வேலையிலிருந்து மருத்துவமனை, அதோடு முடிந்தது.

தொடர் நின்றதா? நிற்கவில்லை. சில வாரங்களில் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்தில் வந்தார். அவர் மேல் குறை இல்லை. அவரும் தம் வேலையைச் செய்தார். ஆலையில் ஒருவர் விழுந்தால் அடுத்த ஷிப்டில் அதே மெஷினில் வேறொருவர் நிற்பதை நாம் பார்க்காதவர்களா? ஆனால் மக்கள் என்ன சொன்னார்கள்? "அவர் மாதிரி வராது" என்றார்கள். இது அற்பப் பேச்சா? ஒரு உழைப்பாளி போனால் இன்னொருவனைப் போட்டுக்கொள்ளலாம் என்கிற கணக்கை மறுக்கும் பேச்சு அல்லவா இது!

2000-ல் தொடங்கிய 'கியோங்கி சாஸ் பி கபி பகூ தி' என்ற இந்தித் தொடரில் மிஹிர் என்ற பாத்திரம் செத்தபோது பார்த்தவர்கள் கொதித்தார்கள். பாத்திரம் உயிரோடு திரும்பி வந்தது. கதையில் அது நடக்கும். மாரிமுத்து திரும்பி வர மாட்டார்.

குணசேகரனோ சாகவில்லை. 2024 ஜூனில் தொடர் முடிந்தது. டிசம்பரில் இரண்டாம் பாகத்தோடு அவனும் வந்துவிட்டான். நம் வீடுகளில் அவனுக்கு அந்த ஆறு மாத ஓய்வுகூட இல்லை.

ஆண் தோழர்களே! மகள் ஆலைக்குப் போகிறாள், மனைவி தோட்டத்துக்குப் போகிறாள். அவர்களுடைய ஏ.டி.எம். கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது? தொட்டுப் பாருங்கள். மாரிமுத்துவுக்கு அழுதது போதும். குணசேகரனை அங்கிருந்து வெளியேற்றுவோம்.